சிலிண்டரா, பைப் கியாசா? திருப்பூர் டீக்கடை, பரோட்டா கடைகளின் அடுப்புக் கணக்கு

திருப்பூர்:

மாதம் பிறந்தால் பனியன் தொழிலாளி வாடகையை நினைப்பார். டீக்கடைக்காரர் கியாஸ் விலையை நினைப்பார். ஒவ்வொரு மாதமும் 1-ந்தேதி காலையில் எண்ணெய் நிறுவனங்கள் வணிக சிலிண்டரின் விலையை மாற்றுகின்றன. சில மாதம் ஏறுகிறது, சில மாதம் இறங்குகிறது. ஆனால் டீ, வடை, பரோட்டா விலை ஏறினால் ஏறியதுதான். இறங்கி யாரும் பார்த்தது இல்லை.

இந்த நிலையில்தான் "சிலிண்டர் வேண்டாம், பைப்பில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு மாறலாம்" என்ற பேச்சு திருப்பூரில் அடிபடுகிறது. கடை வாசலில் எரியும் அடுப்பை அப்படியே பைப்பில் சொருகி விடலாமா? செலவு குறையுமா? ஆபத்து ஏதும் உண்டா? ஓட்டல், பேக்கரி, டீக்கடை, சாயப்பட்டறை என்று அடுப்பு எரியும் இடமெல்லாம் இந்தக் கேள்விகள்தான்.

2018-ல் கிடைத்த உரிமை

திருப்பூர் மாவட்டத்துக்கு பைப் கியாஸ் என்பது இன்று நேற்று கிளம்பிய பேச்சு அல்ல. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2018-ல் நடத்திய 9-வது சுற்று ஏலத்தில் திருப்பூர் மாவட்டத்துக்கான உரிமை அதானி நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனம் இப்போது அதானி டோட்டல் கியாஸ் என்ற பெயரில் இயங்குகிறது. பக்கத்து மாவட்டமான கோவையும், சேலமும் அதே ஏலத்தில் இந்தியன் ஆயில் கைக்குப் போயின.

இந்த உரிமை என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு மாவட்டத்துக்குள் குழாய் போடும் தனி உரிமை 25 ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்திடம் இருக்கும். சிலிண்டர் என்றால் இண்டேன், பாரத், எச்.பி. என்று மூன்று கம்பெனி இருக்கிறது. ஒரு ஏஜென்சியில் தகராறு என்றால் அடுத்த ஏஜென்சிக்குப் போகலாம். பைப்பில் அந்த வசதி கிடையாது. இதை மாறுகிறவர்கள் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பைப் வருவதற்கு முன் இந்தப் பகுதியில் நடந்த சண்டையும் கொஞ்ச நஞ்சம் இல்லை. கொச்சியில் இருந்து பெங்களூரு வரை கெயில் நிறுவனம் போட நினைத்த எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்டங்கள் வழியாக சுமார் 310 கிலோ மீட்டர் போக வேண்டும். தோட்டத்துக்கு நடுவே குழாய் வந்தால் தென்னை வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது, வீடு கட்ட முடியாது என்று விவசாயிகள் கொதித்தார்கள். 1962-ம் ஆண்டு சட்டப்படி நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் பயன்படுத்தும் உரிமை குழாய் கம்பெனிக்குப் போய்விடும்.

2013-ல் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதாவின் அரசு, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டு போகச் சொன்னது. அதே ஆண்டு சென்னை ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. 2014 ஜூனில் ஆந்திர மாநிலம் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற ஊரில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கொங்கு மண்டலத்தில் பயம் இரண்டு மடங்கு ஆனது. 2016 பிப்ரவரியில் தமிழக அரசின் மேல்முறையீட்டை சுப்ரீம் கோர்ட்டும் தள்ளுபடி செய்தது.

இந்த இழுபறியில் வேடிக்கை என்னவென்றால், கொச்சி புதுவைப்பில் கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்க ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள முனையம் 2013-லேயே தயார். கியாசைக் கொண்டு போகக் குழாய் இல்லாமல் பல வருடம் அது பெயருக்கு ஓடியது. கொச்சி - மங்களூரு குழாய் 2021 ஜனவரியில்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாலக்காடு கூற்றநாட்டில் இருந்து வாளையாருக்குப் பிரியும் கிளைக்குழாய்தான் கோவை பக்கம் கியாஸ் வரும் வழி.

அடுப்பு ஒன்று, கியாஸ் வேறு

சிலிண்டரில் வருவது புரொபேன், பியூட்டேன் என்ற இரண்டும் கலந்த கலவை. அழுத்தத்தில் திரவமாக இருக்கும். வால்வைத் திறந்தால் கியாசாக வரும். பைப்பில் வருவது பெரும்பாலும் மீத்தேன். இரண்டும் எரியும், இரண்டும் நீலமாக எரியும். ஆனால் குணம் வேறு வேறு.

ஒரே அளவு இடத்தில் அடைத்துப் பார்த்தால், சிலிண்டர் கியாசில் இருக்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்தான் இயற்கை எரிவாயுவில் இருக்கும். அதனால் அதே சூடு வேண்டும் என்றால் அதிக கியாஸ் அடுப்புக்குள் போக வேண்டும். அடுப்புக்குள் போகும் வழி எது? ஜெட். பர்னருக்குக் கீழே, ஊசிமுனை ஓட்டையோடு இருக்கும் பித்தளைத் துண்டு.

வீட்டு அடுப்புக்கு சிலிண்டர் ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 30 மில்லிபார். பைப் கியாஸ் வீட்டுக்கு வரும் அழுத்தம் 21 மில்லிபார்தான். கியாசில் சூடும் குறைவு, தள்ளும் வேகமும் குறைவு. இரண்டையும் சரிக்கட்ட ஜெட் ஓட்டையின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஓட்டையின் குறுக்களவைப் பார்த்தால் சுமார் 1.4 மடங்கு. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அடுப்புக்குத் தெரியும்.

பழைய ஜெட்டோடு பைப் கியாசைக் கொடுத்தால் தீ சின்னதாக, நோஞ்சானாக எரியும். தோசைக்கல் காயாது. இதில் பெரிய ஆபத்து இல்லை, எரிச்சல்தான். ஆனால் தலைகீழாகச் செய்தால் விபரீதம். பைப் கியாசுக்காகப் பெரிதாக்கிய ஜெட்டில் ஒருநாள் அவசரத்துக்கு சிலிண்டரை மாட்டினால் தீ மஞ்சளாக, புகையோடு எகிறும். பாத்திரம் கரி பிடிக்கும். மூடிய அறை என்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தலை சுற்றும், அப்புறம் ஆளே விழுந்துவிடுவார்.

காற்றுக் கணக்கும் மாறும். ஒரு பங்கு இயற்கை எரிவாயு முழுசாக எரிய சுமார் 10 பங்கு காற்று போதும். புரொபேனுக்கு 24 பங்கு வேண்டும், பியூட்டேனுக்கு 30-க்கும் மேல். அதனால் ஜெட்டை மாற்றினால் மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கும் காற்றுத் தட்டையும் திருகி, தீ நீலமாக, பர்னரை விட்டுத் தூக்காமல் எரிகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும்.

டிரில் பிட் வேண்டவே வேண்டாம்

"ஜெட் ஓட்டையைப் பெரிசு பண்ணணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு டிரில் பிட்டை எடுக்கும் கைவேலைக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இது வேண்டாத வேலை. ஓட்டை கொஞ்சம் கோணலானாலும் கியாஸ் நேராகப் பீய்ச்சாது, காற்றை ஒழுங்காக இழுக்காது. அரை நூல் பெரிதானால் கியாஸ் வீண். பைப் கியாசுக்கு என்றே அளவு அடித்த ஜெட் வருகிறது. இணைப்பு கொடுக்கும் கம்பெனியின் ஆள்தான் அதை மாட்ட வேண்டும். மாட்டியபின் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்க்காமல் விடக்கூடாது.

வீட்டு அடுப்புக்கு இது பத்து நிமிட வேலை. கடை அடுப்புக்கு அப்படி இல்லை.

பரோட்டா கல்லுக்குக் கீழே, பெரிய அண்டாவுக்குக் கீழே உறுமிக்கொண்டு எரிவது ஹை பிரஷர் அடுப்பு. சிலிண்டரின் அழுத்தத்தைப் பெரிதாகக் குறைக்காமல் நேராக வாங்கி எரிப்பது. அந்த "புஸ்" சத்தமே அழுத்தத்தின் சத்தம்தான். பைப்பில் அவ்வளவு அழுத்தம் கடைக்கு வராது. ஜெட்டை மட்டும் மாற்றி அந்த அடுப்பை எரிக்கப் பார்த்தால், கியாஸ் மெதுவாக வரும், காற்றை இழுக்காது, தீ சோம்பலாக நக்கிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் பர்னரையே மாற்றத்தான் வேண்டும். அதிக ஓட்டை உள்ள, அகலமான, குறைந்த அழுத்தத்துக்கு என்று செய்த பர்னர். இந்தச் செலவை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டால் பிறகு புலம்ப வேண்டியதுதான்.

மாற்றிய அடுப்புக்கும், பைப் கியாசுக்காகவே செய்த அடுப்புக்கும் வித்தியாசம் உண்டா? நிறைய உண்டு. மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கமும், டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனமும் சேர்ந்து வீட்டு உபயோகத்துக்கு தனி பைப் கியாஸ் அடுப்பை உருவாக்கின. அதன் வெப்பத் திறன் 55 சதவீதம். புழக்கத்தில் இருக்கும், சிலிண்டரில் இருந்து மாற்றிய அடுப்புகளில் இது சுமார் 40 சதவீதம்தான். அதாவது நூறு ரூபாய்க்குக் கியாஸ் எரித்தால் 60 ரூபாய் பாத்திரத்துக்குப் போகாமல் பக்கவாட்டில் பறந்துவிடுகிறது.

24-ஆல் வகுத்துப் பாருங்க

இப்போது காசுக் கணக்கு. வணிக சிலிண்டரில் 19 கிலோ கியாஸ். பைப் கியாசுக்கு மீட்டரில் ஓடுவது கன மீட்டர் கணக்கு, கடைக்காரர்கள் யூனிட் என்பார்கள். சூட்டை வைத்துப் பார்த்தால் ஒரு 19 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 24 யூனிட் பைப் கியாசுக்குச் சமம்.

அன்றைய சிலிண்டர் விலையை 24-ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு யூனிட்டுக்குக் கட்டுப்படியாகும் விலை. அதற்குக் கீழே கிடைத்தால் லாபம், மேலே போனால் நஷ்டம்.

2025 செப்டம்பரில் சென்னையில் 19 கிலோ சிலிண்டர் ரூ.1,738. 24-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ரூ.72 சொச்சம். 2022 மே மாதம் இதே சிலிண்டர் சென்னையில் ரூ.2 ஆயிரத்து 508-க்கு விற்றது. அன்றைக்குக் கணக்குப் போட்டிருந்தால் யூனிட் ரூ.104 வரை கட்டுப்படி. மூன்று வருடத்தில் 770 ரூபாய் வித்தியாசம். இப்படி ஆடுகிற விலையை ஒரே ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவோம். குறைந்தது ஒரு வருட சிலிண்டர் பில்லை எடுத்து சராசரி பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொடி இருக்கிறது. அடுப்பு சரியாக மாற்றப்படாமல் கால்வாசி சூடு கூடுதலாக வீணானால் 24 யூனிட் வேலைக்கு 32 யூனிட் எரியும். அப்போது அதே ரூ.1,738 சிலிண்டரை 32-ஆல் வகுக்க வேண்டும். கட்டுப்படி விலை ரூ.54-க்கு இறங்கிவிடும். பைப் கியாசில் மாறி "பில்லு ஜாஸ்தியா வருது" என்று புலம்பும் கடைக்காரர் முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரை அல்ல, அடுப்பை.

வரியும் குறுக்கே வருகிறது. வணிக சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.க்குள்ளேயே இன்னும் வரவில்லை. மாநில வாட் வரிதான். சாதா டீக்கடைக்கு இரண்டும் செலவுதான், திரும்பக் கிடைக்காது. ஆனால் ஏற்றுமதி கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் சிலிண்டரில் கட்டிய ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியாகத் திரும்பும். வாட் திரும்பாது. அதனால் டீக்கடைக்கு லாபமாகத் தெரியும் அதே விலை, எதிரில் இருக்கும் கம்பெனிக்கு நஷ்டமாகத் தெரியலாம்.

வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை

வீடுகளுக்குத் தரும் பைப் கியாசுக்கும், வாகனங்களுக்குத் தரும் சி.என்.ஜி.க்கும் உள்நாட்டில் எடுக்கும் விலை குறைந்த எரிவாயுவில் மத்திய அரசு முன்னுரிமை தருகிறது. கடைக்கும் தொழிற்சாலைக்கும் அந்த முன்னுரிமை இல்லை. அவர்களுக்கு வருவது பெரும்பாலும் கப்பலில் இறக்குமதியாகும் கியாஸ். உலகச் சந்தையில் விலை ஏறினால் நேராக மீட்டரில் தெரியும்.

இதற்கு நாட்டிலேயே நல்ல உதாரணம் குஜராத் மோர்பி. தரை ஓடு, டைல்ஸ் செய்யும் ஊர். நிலக்கரியில் இருந்து கியாஸ் எடுத்து சூளையை எரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே புகைமண்டலம். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதற்குத் தடை போட்டது. எல்லோரும் பைப் கியாசுக்கு மாறினார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்தது. உலகச் சந்தையில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியது. மோர்பி முதலாளிகள் என்ன செய்தார்கள்? டேங்க் வைத்து புரொபேனுக்குத் தாவினார்கள். பைப்பில் இருந்து திரும்பவும் சிலிண்டர் சாதி கியாசுக்கு. இரண்டையும் எரிக்கும் பர்னர் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

நேர் எதிர் உதாரணம் உத்தரபிரதேசம் பிரோசாபாத். கண்ணாடி வளையல் ஊர். தாஜ்மகால் கருக்கிறது என்று தொடரப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பரில், அந்தப் பகுதித் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடம் பெயர வேண்டும் என்றது. அங்கே விலை பார்த்து மாறவில்லை, கோர்ட்டு சொல்லி மாறினார்கள்.

கோர்ட்டு சொல்லி மாறுவது என்றால் என்ன என்பது திருப்பூருக்குச் சொல்லித்தர வேண்டாம். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் இழுத்து மூடப்பட்டு, ஊரே சுடுகாடு மாதிரி கிடந்ததை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை.

சாயப்பட்டறையில் எது மாறும்?

சாயப்பட்டறையில் இரண்டு வகை நெருப்பு இருக்கிறது. ஒன்று பாய்லர். நீராவிக்காக விறகு எரிப்பது. இன்னொன்று துணியை விரித்துக் காயவைத்து அகலம் பிடிக்கும் ஸ்டென்டர் மெஷின். இதில் சூடான எண்ணெயை ஓடவிட்டு சூடேற்றுவது ஒரு வகை. அறைக்கு அறை கியாஸ் பர்னரை நேராக எரிப்பது இன்னொரு வகை. துணியின் பிசிரைப் பொசுக்கும் மெஷினுக்கும் கியாஸ் தீதான்.

விறகு பாய்லர் இப்போதைக்கு பைப் கியாசுக்கு மாறாது. விறகு மலிவு, கணக்கு ஒத்துவராது. சிலிண்டரில் ஓடும் ஸ்டென்டர்தான் மாற வாய்ப்புள்ள இடம். அங்கே ஜெட் விவகாரம் இன்னும் பெரிசு. ரெகுலேட்டர், அழுத்தம் எகிறினால் தானாக மூடும் வால்வு, காற்று ஊதும் பிளோயர், தீ அணைந்தால் கியாசை நிறுத்தும் சென்சார் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி அளவு வைக்க வேண்டும். மெஷின் கம்பெனி ஆள் இல்லாமல் தொடக்கூடாத வேலை. சூடு பத்து டிகிரி தவறினால் வெள்ளைத் துணி மஞ்சள் தட்டும். ஒரு லாட் போனால் அந்த மாச கியாஸ் லாபம் எல்லாம் போச்சு.

சிலிண்டரில் ஓடும் கம்பெனிக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஒரே நேரத்தில் 100 கிலோ கியாஸ் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். 19 கிலோ சிலிண்டர் என்றால் ஐந்து. அதற்கு மேல் போனால் வெடிபொருள் துறையின் லைசென்ஸ் வேண்டும். பைப் வந்தால் சிலிண்டர் அடுக்கும் ஷெட்டே தேவைப்படாது. இது பைப்புக்கு ஒரு பெரிய பிளஸ்.

மைனசும் உண்டு. தொழிற்சாலை ஒப்பந்தங்களில், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு கியாசுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைப்பது வழக்கம். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் மெஷினுக்கு லீவு என்பது திருப்பூர் வாழ்க்கை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர்கள் எப்படித் தடுமாறின என்று எல்லோரும் பார்த்தார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் எரிக்காத கியாசுக்கும் பில் வந்தால் முதலாளி கை வைப்பது தொழிலாளி ஓவர்டைமில்தான்.

கசிந்தால் எங்கே போகும்?

பாதுகாப்பில் பைப் கியாசுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சிலிண்டர் கியாஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாகப் படர்ந்து, சாக்கடை, பள்ளம், கட்டிலுக்கு அடி என்று பதுங்கிக் கிடக்கும். எங்கோ ஒரு பொறி பட்டால் மொத்தமாகப் பிடிக்கும். இயற்கை எரிவாயு காற்றை விட லேசு. மேலே ஏறிப் போய்விடும். திறந்தவெளி அடுப்புக்கு இது ரொம்ப நல்லது.

ஆனால் மேலே தகர ஷீட், சுற்றிலும் தார்ப்பாய் என்று கட்டிய கடையில் அது கூரைக்குக் கீழே சேரும். அதனால் சிலிண்டர் கடைக்குக் கீழே காற்றோட்டம் முக்கியம் என்றால், பைப் கடைக்கு மேலே ஓட்டை முக்கியம். கசிவு காட்டும் கருவி வைத்தாலும் அப்படித்தான். சிலிண்டருக்குத் தரை ஓரம், பைப்புக்குக் கூரை ஓரம். இடம் மாற்றி வைத்தால் கருவி இருந்தும் இல்லாததற்குச் சமம். இரண்டு கியாசிலும் வாடைக்காக ரசாயனம் கலக்கிறார்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் மெயின் வால்வை மூடுவது இரண்டுக்கும் பொது.

இன்னொரு பயம், ரோடு. நான்காவது குடிநீர் திட்டத்துக்குத் தோண்டினார்கள். பாதாள சாக்கடைக்குத் தோண்டினார்கள். ஸ்மார்ட் சிட்டிக்குத் தோண்டினார்கள். மூடிய ரோட்டை மறுபடி தோண்டுவது இந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம். தெருவுக்குள் வரும் கியாஸ் குழாய் மஞ்சள் நிற பிளாஸ்டிக் குழாய்தான். பொக்லைன் பல் பட்டால் கிழியும். மாநகராட்சியும், மின்வாரியமும், கியாஸ் கம்பெனியும் ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டுத் தோண்டினால் பிரச்சினை இல்லை. குடிதண்ணீர் குழாய் உடைந்தால் தெரு நனையும். கியாஸ் குழாய் உடைந்தால் அந்தத் தெருக் கடை அத்தனையும் அன்றைக்கு மூடல்.

வளைகுடாவில் இருந்து வரும் கப்பலை நம்பி இருப்பதிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்டுக்குத் தேவையான சிலிண்டர் கியாசில் பாதிக்கும் மேல் இறக்குமதி. இயற்கை எரிவாயுவிலும் ஏறக்குறைய பாதி இறக்குமதி, அதில் பெரும்பங்கு கத்தாரில் இருந்து. பைப்புக்கு மாறினால் உலகச் சண்டையில் இருந்து தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தள்ளுவண்டிக்கு என்ன வழி?

இத்தனை கணக்கும் கதவு எண் உள்ள கடைக்குத்தான். புஷ்பா தியேட்டர் பக்கமும், பழைய பஸ் நிலையம் பக்கமும், பனியன் கம்பெனி வாசலிலும் ராத்திரி வண்டிக்கடை போடுகிறவர்களுக்குப் பைப் கிடையாது. மீட்டர் மாட்ட சுவர் வேண்டும். சுவருக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். வண்டிக்கு இரண்டும் இல்லை. கட்டிடக் கடையிலும் பரோட்டா கல் முக்கால்வாசி ரோட்டு ஓரத்தில்தான் நிற்கிறது. இடம் மாற்றி மாற்றி வைக்கும் அடுப்புக்கு நிலையான குழாய் இழுக்க முடியாது. கல் உள்ளே போனால் கூட்டம் நிற்காது என்பது பரோட்டா மாஸ்டர்களின் கவலை.

கல்யாண மண்டபத்திலும் இதே சிக்கல். சமையல் காண்டிராக்டர்கள் சொந்த அடுப்பு, சொந்த சிலிண்டரோடு லாரியில் வந்து இறங்குகிறவர்கள். மண்டபத்தில் பைப் இருந்தால் மண்டபத்து அடுப்பில்தான் சமைக்க வேண்டும். கொண்டுவந்த ஹை பிரஷர் அடுப்பை அந்தப் பைப்பில் மாட்டுவது முடியாது, மாட்டவும் கூடாது.

வண்டிக்கடைகளில் வேறு ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டு சிலிண்டரைக் கொண்டுவந்து கடையில் எரிப்பது. 2025 செப்டம்பர் கணக்கில் சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ரூ.868.50, அதாவது கிலோ 61 ரூபாய். வணிக சிலிண்டர் கிலோ 91 ரூபாய். கிலோவுக்கு 30 ரூபாய் மிச்சம் என்றால் ஆசை வரத்தான் செய்யும். 2000-ம் ஆண்டு எல்.பி.ஜி. கட்டுப்பாட்டு ஆணைப்படி இது குற்றம். உணவு வழங்கல் துறை அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் சிலிண்டர் பறிமுதல், அத்தியாவசியப் பொருள் சட்டத்தில் வழக்கு. பெரிய ஓட்டல்கள் பைப்புக்கு மாறி விலையைப் பிடித்து நிறுத்தினால், போட்டியில் நிற்க வண்டிக்காரர் இந்தப் பக்கம் இன்னும் தள்ளப்படலாம் என்பதை அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கான மலிவு கியாஸ் கூட யாருக்குப் போய்ச் சேரும் என்பது தனிக் கேள்வி. சொந்த வீட்டுக்காரர் டெபாசிட் கட்டி மீட்டர் மாட்டிக்கொள்வார். பனியன் கம்பெனி ஜனம் குடியிருப்பது காம்பவுண்டு வீடுகளில். ஒரு வரிசையில் எட்டு, பத்து ரூம். மதுரை, தேனி, திருவாரூர்காரர்களும், ஒடிசா, பீகார்காரர்களும் அடுத்தடுத்த கதவு. ஆதார் விலாசம் சொந்த ஊரில் இருப்பதால் பலருக்கு முழு சிலிண்டர் இணைப்பே இல்லை. 5 கிலோ சின்ன சிலிண்டரில் ஓட்டுகிறார்கள். பெரிய சிலிண்டரில் இருந்து சின்னதுக்குத் திருட்டுத்தனமாக கியாஸ் ஏற்றும் ஆபத்தான வேலையும் இந்தப் பகுதிகளைச் சுற்றித்தான் நடக்கிறது.

இந்த வீடுகளுக்கு ரூமுக்கு ஒரு மீட்டர் என்று பைப் வந்தால் அதுதான் பெரிய மாற்றம். எரித்த அளவுக்குப் பிறகு பில் கட்டினால் போதும், மொத்தமாக ஆயிரம் ரூபாய் புரட்ட வேண்டியதில்லை. சனிக்கிழமை சம்பளத்துக்குள் அடங்கும். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் குடியிருப்பவர் அல்ல, வீட்டு ஓனர். டெபாசிட்டை யார் கட்டுவது, வாடகைக்காரர் காலி செய்தால் யாருக்குத் திரும்பக் கிடைக்கும், கரண்ட் பில் மாதிரி கியாசுக்கும் ஓனர் தன் இஷ்டத்துக்கு யூனிட் ரேட் போட்டால் எங்கே போய்ச் சொல்வது என்பதெல்லாம் இணைப்பு கொடுக்கும் முன்பே பேசித் தீர்க்க வேண்டியவை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கும் தொழிற்சங்கங்கள் இந்த மூன்றையும் கேட்கலாம்.